அலாரம் மாமாவின் தூக்கம்

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அதை யாரும் பார்த்ததில்லை. தெருவுக்கும் சரி, ஆலைக்கும் சரி, அவர் ‘அலாரம்’. விடிகாலை நாலு பத்துக்கு அவருக்குக் கண் திறக்கும். கடிகாரம் வேண்டாம், கைப்பேசி வேண்டாம், யாரும் தட்டி எழுப்பவும் வேண்டாம். முதல் நாள் எத்தனை மணிக்குப் படுத்தாலும், காய்ச்சலில் சுருண்டு கிடந்தாலும், நாலு பத்து என்றால் நாலு பத்துதான். ரயில் பிடிக்க வேண்டியவர்களும் பரீட்சைக்குப் படிக்க வேண்டியவர்களும் முந்தின நாளே வந்து, “அண்ணே, நாளைக்கு நம்ம ஜன்னல்ல ஒரு தட்டுத் தட்டிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவரும் ஐந்தாறு ஜன்னலைத் தட்டிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார். இருபத்து மூன்று வருஷத்தில் ஒரு ஜன்னல்கூட விட்டுப்போனதில்லை.

அப்படிப்பட்ட மனுஷன் ஐம்பத்து மூன்று வயதில் போய்ச் சேர்ந்தார். தான் கொடுத்த அரைத் தூக்க மாத்திரைதான் அவரைக் கொன்றது என்று அவர் மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். அது அப்படியில்லை என்று அவளுடைய தம்பிக்குத் தெரியும். தெரிந்தும் பல நாள் வாயைத் திறக்காமல் இருந்தான். அக்கா அந்தப் பழியைச் சுமந்துகொண்டே மிச்சக் காலத்தை ஓட்டப் போகிறாளா, அதைத் தம்பி பார்த்துக்கொண்டு இருக்கப் போகிறானா என்பதுதான் விஷயம். ஆகவே மாமாவின் கதையைச் சொல்லும்போது இந்தத் தம்பியையும் சும்மா விட முடியாது.

தம்பி அதே ஆலையில் டைம் கீப்பர்; யார் எப்போது வந்தார்கள், யாருக்கு எந்த ஷிஃப்ட் என்பதெல்லாம் அவன் பொறுப்பு. பெரிய சலவை ஆலை அது. ஊரிலுள்ள ஆஸ்பத்திரிகள், ஓட்டல்கள் எல்லாவற்றின் படுக்கை விரிப்பும் மூட்டை மூட்டையாக வந்து, வெந்து, வெளுத்து, மடிப்புக் கலையாமல் திரும்பிப் போகும். அதற்கான நீராவி மொத்தமும் ஒரே ஒரு பாய்லரிலிருந்து வரவேண்டும். மூன்று ஷிஃப்டிலும் ஆள் மாற்றி ஆள் அதன் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். விடிகாலையில் எழுகிறவர் என்பதால் காலை ஷிஃப்டில் எப்போதும் மாமாதான். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் இறங்குகிறதா என்று கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். மணிக்கொரு தரம் பிரஷர், தண்ணீர், எண்ணெய் மூன்றையும் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். பக்கத்தின் ஓரத்தில் ‘குறிப்பு’ என்று அகலமாக ஒரு கட்டம் இருக்கும்.

மற்ற பாய்லர்காரர்கள் அந்தக் கட்டத்தில் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். மாமா மட்டும் எழுதுவார். அதற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், ஒரு வால்வு கசிகிறது என்று ஃபிட்டரிடம் வாயால் சொன்னார். நாலாம் நாள் அது பிய்த்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவனின் கால் முழங்கால்வரை வெந்துபோனது. விசாரணையில் ஃபிட்டர், “என்கிட்ட யாரும் எதுவும் சொல்லலையே” என்று கையை விரித்துவிட்டான். அன்றிலிருந்து எந்தக் கோளாறானாலும் மாமா குறிப்பில்தான் எழுதுவார். “வாயால சொன்னத இல்லன்னு சாதிச்சிடலாம் மச்சான். எழுதி வச்சா படிச்சுத்தானே ஆகணும்?” என்பார். மனைவியின் தம்பியை அவர் எப்போதும் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்.

படித்தாக வேண்டியவன் யார் என்று கேளுங்கள். அந்த மச்சானேதான். தினம் காலை எட்டு மணிக்கு ஏழு ரிஜிஸ்டர்கள் அவன் மேஜைக்கு வரும். இடது கையில் டீ டம்ளர், வலது கையில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற ரப்பர் முத்திரை. டொப், டொப் என்று ஏழையும் குத்தி, கீழே ஒரு கையெழுத்தைச் சுழித்துவிட்டு, டீ ஆறுவதற்குள் வேலையை முடித்துவிடுவான். பாய்லர் ஓடுகிறது, ஆவி வருகிறது, பிறகு என்னத்தைப் படிக்க? இதையெல்லாம் படிக்க வேண்டும் என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை என்பது உண்மைதான். ஒரு முத்திரையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை, அதைக் குத்துகிறவனுக்கு இன்னொருவர் வந்து படித்துக்காட்ட வேண்டுமா என்ன?

அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் மாமாதான். கல்லூரி நாட்களில் அவன் அக்கா வீட்டில்தான் தங்கிப் படித்தான். கும்பகர்ணத் தூக்கம். பரீட்சை நாட்களில் மாமா நாலு பத்துக்கு எழுந்து, காலைப் பிடித்து இழுத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, அவன் முணுமுணுப்பதையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு, டீயைக் கையில் திணித்துவிட்டுத்தான் நகர்வார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. இருந்திருந்தால் அந்தப் பிள்ளைக்குச் செய்திருக்கக்கூடியதை இவனுக்குச் செய்தார்.

மாமாவுக்குச் சர்க்கரை பன்னிரண்டு வருஷமாக. வயிறும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. குடி என்கிற பேச்சே கிடையாது. ஆலையில் வருஷா வருஷம் நடக்கும் சோதனையில் ஒரு தடவை டாக்டர், “கல்லீரல்ல கொழுப்பு சேர்ந்திருக்கு, கவனமா இருங்க” என்றார். “எண்ணெய் பாய்லர் பக்கத்துலயே கெடக்கறவனுக்குக் கொழுப்பு சேராம வேற என்ன சேரும்?” என்று மாமா சிரித்தார். டாக்டரும் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்த விஷயம் அதோடு சரி.

பிறகு ஒரு நாள் காலை ஷிஃப்டுக்கு மாமா நாற்பது நிமிஷம் தாமதமாக வந்தார்.

ஆலையே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. “என்ன அலாரம், பேட்டரி போச்சா?” என்றான் ஒருத்தன். “சாவி குடுக்க அண்ணி மறந்துட்டாங்களா?” என்றான் இன்னொருத்தன். மாமாவும் சிரிக்கத்தான் செய்தார். அன்றைக்குத் தெருவில் இரண்டு ஜன்னல் தட்டப்படாமல் போனது. ஒரு பெண் பரீட்சைக்குப் பிந்திப் போனாள். அதை நினைத்து மாமா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த வாரம் இன்னும் இரண்டு தடவை பிந்தினார். ராத்திரி மூன்று மணிவரை பொட்டுத் தூக்கமில்லாமல் புரள்கிறார், விடிந்ததும் அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறார் என்று அக்கா சொன்னாள். பிறகுதான் அந்தச் செய்தி வந்தது. பகல் பதினோரு மணிக்கு, பாய்லர் முன்னால், நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாமா தலை தொங்கிக் கிடந்ததை எண்ணெய் கொண்டுவந்த ஆள் பார்த்திருக்கிறான்.

பாய்லர் முன்னால் தூங்கினவனுக்கு ஆலையில் ஒரே தண்டனைதான்; அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள். டைம் கீப்பர் எண்ணெய்க்காரனுக்கு டீ வாங்கிக் கொடுத்து வாயை அடைத்தான். அப்புறம் ஆற அமர உட்கார்ந்து யோசித்தான். அவன் மூளைக்கு ஒரு பிரமாதமான யோசனை வந்தது. ராத்திரியில் தூக்கம் வரவில்லையா? ராத்திரியிலேயே வேலை பார்க்கட்டும். பகலில் தூக்கம் வருகிறதா? வீட்டில் படுத்துத் தூங்கட்டும். ஷிஃப்ட் சார்ட் போடுவது அவன் கை. மற்ற பாய்லர்காரர்களுக்கு நைட் ஷிஃப்ட் என்றால் எட்டிக்காய். மாமாவை நிரந்தரமாக நைட்டில் போட்டதும் அவர்கள் டைம் கீப்பருக்குக் கும்பிடு போடாத குறை. மானேஜர் வாயாலேயே, “நல்ல ஏற்பாடுய்யா” என்று வந்தது. மாமாகூட, “என் மானத்தக் காப்பாத்திட்ட மச்சான்” என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவனுக்குத் தலை கால் புரியவில்லை.

ஷிஃப்ட் ஆலையில் இதுதான் வினை. வேறு வேலையாக இருந்தால், ஒரு மனுஷன் பகலெல்லாம் தூங்கி ராத்திரியெல்லாம் விழித்திருந்தால் நாலு பேர் ‘என்னய்யா உடம்புக்கு?’ என்று கேட்பார்கள். இங்கே அதற்கு ஒரு சார்ட் இருக்கிறது, ஒரு பேர் இருக்கிறது, மாதச் சம்பளத்தில் கொஞ்சம் கூடுதல்கூட இருக்கிறது. நோய்க்கு நைட் ஷிஃப்ட் என்று பேர் வைத்துவிட்டால் அப்புறம் அதை யார் நோய் என்று பார்ப்பார்கள்? ஒருத்தரும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு டைம் கீப்பரும் மாமாவும் சந்தித்துக்கொள்வதே அபூர்வமானது. அவர் ஆறு மணிக்கு வெளியே போவார், இவன் எட்டு மணிக்கு உள்ளே வருவான். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனால், ஜன்னல் சாத்திய அறைக்குள்ளிருந்து குறட்டை கேட்கும். அக்கா வாயில் விரலை வைத்து, “சத்தம் போடாத, இப்பத்தான் கண்ண மூடினார்” என்பாள். அவனும் மெல்லச் சாப்பிட்டுவிட்டு மெல்லக் கிளம்பி வந்துவிடுவான்.

நாலாவது மாசம் அக்கா அவனைத் தனியாகக் கூப்பிட்டாள். அவள் முகம் சரியில்லை.

“டேய், உங்க மாமா குடிக்கிறாரா?”

“உனக்கென்ன பைத்தியமாக்கா?”

“நாக்கு கொழறுதுடா. சட்டப் பட்டன மாத்தி மாத்திப் போடுறார். நேத்து செருப்பக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சிருக்கார். கேட்டா எரிஞ்சு விழுறார். இந்த மனுஷன் வாயில இத்தன வருஷத்துல ஒரு கடுஞ்சொல் கேட்டிருக்கேனா? கிட்டப் போனா ஒரு மாதிரி வாடை வேற அடிக்குது.” சொல்லிவிட்டு அவள் குரல் இறங்கியது. “நம்ம அப்பாவும் இப்படித்தான்டா ஆரம்பிச்சார்.”

அப்பா பேர் வந்தால் அந்த வீட்டில் மேற்கொண்டு பேச்சு கிடையாது. அவர் குடித்தே குடும்பத்தைத் தெருவில் நிறுத்தியவர். குடிக்காத மாப்பிள்ளை என்ற ஒரே தகுதியைப் பார்த்துத்தான் அக்கா கழுத்தை நீட்டினாள். அவளுக்கு வந்த சந்தேகத்தில் தப்புச் சொல்ல முடியாது. தம்பிக்குத்தான் புத்தி எங்கே போனது என்று தெரியவில்லை. மறுநாள் காலை ஐந்தரைக்கே ஆலைக்குப் போய், வாட்ச்மேனிடம், “நைட் ஷிஃப்ட் ஆளுங்க பைய எல்லாம் இன்னிக்குச் சோதனை போடணும்” என்று உத்தரவு போட்டான். மாமா ஒருத்தருக்காக முப்பது பேர் பையைத் திறந்து காட்டினார்கள்.

மாமா வரிசையில் கடைசியாக வந்தார். கால் வீங்கி, செருப்பின் வார் அழுந்தியிருந்தது. கையைச் சொறிந்து சொறிந்து கோடு கோடாக இருந்தது. கண் மஞ்சளாக இருந்ததா? இருந்திருக்கும். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் டைம் கீப்பர் பார்த்தது பையை மட்டும்தான். டப்பா, மூக்குக் கண்ணாடி, ஒரு துண்டு, வேறொன்றும் இல்லை. இவன் நிற்பதைப் பார்த்ததும், எதற்காக இந்தச் சோதனை என்பது மாமாவுக்குப் புரிந்துவிட்டது.

“தேடிக்க மச்சான். நல்லாத் தேடிக்க,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வார்த்தைகள் ஒவ்வொன்றாக, கனமாக வந்தன. பையை மடித்துக்கொண்டே, “எழுதி வச்சிருக்கேனே, பாத்தியா?” என்றார்.

“பாத்தேன் மாமா, பாத்தேன்,” என்றான் அவன்.

ஏதோ வால்வு, ஏதோ கசிவு என்று நினைத்துக்கொண்டான். கூனிக்குறுகி நின்றவனுக்கு அந்த இடத்தைவிட்டு நகர்ந்தால் போதும் என்றிருந்தது. பார்த்தேன் என்று சொன்னதும் மாமா முகத்தில் ஒரு தெளிவு வந்தது. “அப்ப சரி. நீ பாத்துக்குவ,” என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்தபடி வெளியே நடந்தார். குடி இல்லை என்று அவன் அக்காவிடம் சத்தியம் செய்தான். அவள் அரை மனதோடு தலையாட்டினாள்.

இன்னும் மூன்று மாதம் ஓடியது. வார விடுமுறை வந்தாலே அக்காவுக்குப் பயம். வேலையில்லாத ராத்திரியில் மாமா வீடு முழுக்க நடப்பார். விளக்கைப் போடுவார், அணைப்பார், பாத்திர அலமாரியைத் திறந்து உள்ளே உற்றுப் பார்ப்பார். தண்ணீர் மட்டம் இறங்குகிறது என்பார். அக்கா பகலில் துணிக்கடையில் தைப்பவள். ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் ஊசியை விரலிலேயே ஏற்றிக்கொண்டாள். அன்று சாயங்காலம் மருந்துக்கடையில் நின்று, “ராத்திரி தூங்கவே மாட்டேங்கறாருங்க, ஏதாவது குடுங்க” என்று கேட்டிருக்கிறாள். கடைக்காரனும் கேள்வி முறை இல்லாமல் நாலு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்திருக்கிறான். அடுத்த விடுமுறை ராத்திரியில், முழுசாகக் கொடுக்கப் பயந்து, அக்கா பாதியை உடைத்துக் கொடுத்தாள்.

மாமா தூங்கினார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ராத்திரியில், அசையாமல், குழந்தை மாதிரி தூங்கினார். விடிந்தது. தூங்கட்டும் பாவம் என்று அக்கா ஜன்னலைச் சாத்தினாள். கடைக்கு லீவு சொன்னாள். பக்கத்து வீட்டு ரேடியோவைக் குறைக்கச் சொன்னாள். கதவு கிறீச்சிடும் என்று கீலுக்கு எண்ணெய்கூட விட்டாள். மத்தியானமும் தூங்கினார். இத்தனை நாள் பாக்கியையும் சேர்த்துத் தூங்குகிறார் என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. சாயங்காலம் டீயோடு போய்த் தொட்டாள். எழவில்லை. உலுக்கினாள். கண் பாதி திறந்தது. அந்தக் கண் அவளை யாரென்று பார்த்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா வயிற்றைத் தட்டிப் பார்த்தாள், கண் இமையை இழுத்துப் பார்த்தாள். “தூக்கத்துக்கு ஏதாவது குடுத்தீங்களா?” என்று கேட்டாள். அக்கா அட்டையைக் காட்டினாள். டாக்டரம்மா அதைப் பார்த்த ஒரு பார்வை போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் அக்காவின் காதில் ஏறவில்லை. டைம் கீப்பர்தான் கேட்டுக்கொண்டான். கொழுப்பில் தொடங்கிய கல்லீரல் இறுகிக் கல்லாகிவிட்டது. குடிக்காதவர்களுக்கும் வரும், சர்க்கரைக்காரர்களுக்கு அதிகமாகவே வரும். குடலில் உண்டாகும் நஞ்சைக் கல்லீரல்தான் வடிகட்ட வேண்டும். அது முடியாமல் போனால் நஞ்சு ரத்தத்தோடு போய் மூளையில் ஏறும்.

“மொதல்ல தூக்கம்தான் மாறும்,” என்றாள் அவள். “ராத்திரி பகலாயிடும், பகல் ராத்திரியாயிடும். நெறைய பேருக்கு அதுதான் முதல் எச்சரிக்கை. அப்புறம் கை நடுங்கும், மறதி வரும், எழுத்து கோணும். இவர் தூக்கம் எப்ப மாறுச்சு?”

“ஏழு மாசம் இருக்கும்.”

“ஏழு மாசமா? யாரும் கவனிக்கலையா?”

“நைட் ஷிஃப்ட் டாக்டர்,” என்றான் அவன். சொல்லும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

“எழுதற வேலை ஏதாவது உண்டா? எழுத்து எப்ப மாறுச்சுன்னு தெரிஞ்சா, எவ்வளவு நாளா இருக்குன்னு புரியும். மூணு நாலு மாசம் முன்னாடி வந்திருந்தாக்கூட வயித்த சுத்தமா வைக்கிற மருந்த வச்சே தெளிய வச்சிருக்கலாம். வருஷக்கணக்கா நல்லா இருக்கறவங்க இருக்காங்க. அந்த அரை மாத்திரை கடைசியாத் தள்ளினதுதான். அவர் ஏற்கெனவே விளிம்புலதான் நின்னுட்டிருந்தார்.”

அவன் ஆலைக்குப் போனான். பாய்லரின் பழைய ரிஜிஸ்டரை அலமாரியிலிருந்து இறக்கி, பாய்லர் அறையில் மாமாவின் நாற்காலியிலேயே உட்கார்ந்து புரட்டினான். ஏழு மாதத்துக்கு முன்னால் அச்சடித்த மாதிரி எழுத்து. இரண்டு மாதம் கழித்து எழுத்துகள் கோட்டைவிட்டு மேலே ஏறத் தொடங்கியிருந்தன. அந்தப் பக்கத்தில், குறிப்புக் கட்டத்தில், இப்படி இருந்தது: ‘பாய்லர் சரி. ஆபரேட்டர் சரியில்லை. பகலில் தூக்கம், இரவில் வரவில்லை. டாக்டர் சீட்டு தேவை. டைம் கீப்பர் கவனத்துக்கு.’

ஆலை டாக்டரைப் பார்க்க வேண்டுமானால் டைம் கீப்பர் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். அதுதான் விதி. மாமா விதிப்படி கேட்டிருக்கிறார். வால்வைப் பற்றி எழுதுவதைப் போல, பம்பைப் பற்றி எழுதுவதைப் போல, தன்னைப் பற்றியும் எழுதிவிட்டு, சீட்டு வரும் என்று காத்திருந்திருக்கிறார்.

அவன் பக்கத்தைத் திருப்பினான். ‘ஆபரேட்டருக்குக் கை நடுக்கம். டாக்டர் சீட்டு இன்னும் வரவில்லை.’ இன்னும் திருப்பினான். ‘மணி குழம்புகிறது. இரண்டு மணி ரீடிங்கை இரண்டு தடவை எழுதிவிட்டேன். கவனத்துக்கு.’ பை சோதனைக்கு மறுநாள்: ‘மச்சான் பார்த்துவிட்டதாகச் சொன்னார். சீட்டுக்குக் காத்திருக்கிறேன்.’ மொத்தம் பதினேழு இடம். கடைசி மாதத்தில் எழுத்து கிறுக்கலாகி, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. அதில் ‘மச்சான்’ என்ற ஒரு சொல் மட்டும் படிக்கும்படி இருந்தது. பதினேழு பக்கத்தின் அடியிலும் ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற முத்திரை, கொஞ்சமும் சாயாமல், நேராக விழுந்திருந்தது. கீழே அவனுடைய கையெழுத்து. இரண்டு பக்கத்தில் டீ டம்ளரின் வட்டக் கறைகூட இருந்தது.

அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அழுது என்ன பயன்? கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், “ரிஜிஸ்டர் கெடைக்கல டாக்டர்” என்று சொன்னான். ரிஜிஸ்டர் அவன் பைக்குள்தான் இருந்தது. இப்படியும் ஒரு ஜென்மம்.

ஆறாம் நாள் மாமாவுக்கு நினைவு கொஞ்சம் தெளிந்தது. துணைக்கு இருந்தது அவன்தான். விடிகாலையில் அசைவு கேட்டுக் கண்விழித்தால், மாமா கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தில் நாலு பத்து.

“மச்சான்,” என்றார். “இன்னிக்கு எந்த ஷிஃப்ட்?”

“பகல் ஷிஃப்ட் மாமா.”

“அப்பாடா,” என்றார். அவன் பக்கம் தலையைத் திருப்பி, “நீ எழுந்துட்டியே. நான் எழுப்பவே இல்லையே,” என்று லேசாகச் சிரித்தார். அப்போதாவது காலில் விழுந்திருக்கலாம். மாமா, பதினேழு தடவை எழுதியிருந்தீங்க, நான் ஒண்ணக்கூடப் படிக்கல என்று சொல்லியிருக்கலாம். அவன் வாயைத் திறப்பதற்குள் அவர் மறுபடி கண்ணை மூடிவிட்டார். மத்தியானம் ரத்த வாந்தி எடுத்தார். ஒன்பதாம் நாள் எல்லாம் முடிந்தது.

வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு வீட்டில் அக்காவும் தம்பியும் மட்டும் மிஞ்சினார்கள். அக்கா படுப்பதே இல்லை. மாமா படுத்த கட்டிலின் ஓரத்தில், அந்த மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உடைத்த மாத்திரையின் மிச்சப் பாதி அதில்தான் இருந்தது. “நான் பாட்டுக்கு ரேடியோவக் கொறைக்கச் சொன்னேன்டா. கதவுக்கு எண்ணெ விட்டேன். அவர் செத்துக்கிட்டிருந்தார், நான் சத்தம் போடாதீங்கன்னு எல்லாரையும் அதட்டிக்கிட்டிருந்தேன்,” என்பாள். இதையே காலையில் சொல்வாள், மத்தியானம் சொல்வாள். “அரை மாத்திரடா. அரை மாத்திரைல ஒரு ஆளக் கொன்னுட்டேன்.” தம்பி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ‘இல்லக்கா, உன்மேல தப்பில்ல’ என்பான். அந்தச் சப்பைச் சமாதானம் அவளுக்கு உறைக்கவே இல்லை. சாப்பாடு இறங்காமல் அவள் தோள் எலும்பு துருத்தத் தொடங்கியது.

மாமா போன ஐந்தாம் நாள் மத்தியானம் அவனுக்குப் பொறுக்கவில்லை. பையிலிருந்து ரிஜிஸ்டரை எடுத்து, முதல் குறிப்புள்ள பக்கத்தைப் பிரித்து, அவள் மடியில் வைத்தான். “படிக்கா,” என்றான்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரல் வைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்தாள். அவன் பக்கங்களைத் திருப்பிக் கொடுத்தான். பதினேழையும் படிக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. கடைசிப் பக்கத்தின் கிறுக்கலைப் படிக்க முயன்று, முடியாமல், அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். பிறகு அவள் விரல் கீழே இறங்கி முத்திரையில் நின்றது.

“இது யாரு கையெழுத்து?”

“என்னுது.”

“இதெல்லாம் நீ பாத்தியா?”

“பாக்கலக்கா.”

“பாத்தேன்னு அவர்கிட்டச் சொன்னியா?”

“சொன்னேன்.”

அக்கா கத்துவாள், அறைவாள், வெளியே போடா என்பாள் என்று அவன் காத்திருந்தான். அவளோ ரிஜிஸ்டரை மூடி, தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள். கையிலிருந்த அட்டையைப் பிதுக்கி அந்தப் பாதி மாத்திரையை வெளியே எடுத்தாள். அவன் கையை இழுத்து, உள்ளங்கையை விரித்து, அதில் வைத்து விரல்களை மடக்கினாள்.

“இந்தா. இனிமே இத நீ வச்சுக்க,” என்றாள்.

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சு சீராக வர ஆரம்பித்தது. பதினான்கு நாளில் அன்றுதான் அவள் தூங்கினாள். ஜன்னல் திறந்திருந்தது, பக்கத்து வீட்டு ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. டைம் கீப்பர் எழுந்து போய் எதையும் சாத்தவில்லை. கையை மூடிக்கொண்டு, அவள் விலாவைப் பார்த்தபடி, மூச்சு வருகிறதா, வருகிறதா என்று பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தான்.